மாடிப்படி ஏறிய பென்டிரைவ்

போன வருஷம் ஆவணியில் ஒரே வாரத்தில் நாலு கல்யாணம் வந்தது. ஆவணி நமக்கு முகூர்த்த மாதம் என்றால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அதுவே சிங்ஙம், அங்கேயும் கல்யாணம் குவிகிற மாதம். செங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பக்கத்து ஆர்டரும் ஒன்றாக வந்து விழும். தென்காசியில் ஒன்று, புனலூரில் ஒன்று, தென்மலையில் ஒன்று என்று என் வீட்டுக்காரர் கேமராப் பையோடு ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தார். அவர் கீழே ஸ்டூடியோவில் கார்டிலிருந்து படத்தை இறக்குவார், நான் மாடியில் உட்கார்ந்து ஆல்பம் டிசைன் செய்வேன். கீழே இருக்கிற படம் மேலே வருவதற்கு எங்களிடம் இருந்த ஒரே வழி பென்டிரைவ். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது யார் என்பதுதான் வீட்டில் தினசரிச் சண்டை.

ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பார். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் ஒன்று ஏறக்குறைய 25 எம்பி. பெருக்கிப் பார்த்தால் 75 ஜிபி. எங்கள் பென்டிரைவ் 32 ஜிபி, அதாவது மூன்று நடை. வீடியோ இன்னும் மோசம். பென்டிரைவில் இருபது ஜிபி காலியாக இருக்கும், ஆறு ஜிபி வீடியோ ஒன்றைப் போட்டால் ஃபைல் பெரிசு, முடியாது என்று சொல்லிவிடும். கடையில் வாங்கும்போதே பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் வந்திருந்தது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்தால் தீர்ந்துவிடும். அது தெரியாமல் ஒரு வருஷம் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி ஏற்றிய ஆள் நான்.

இரண்டு கணினிக்கும் நடுவில் இருப்பது ஒரு கான்கிரீட் தளம். இரண்டும் ஒரே இன்டர்நெட்டில் இருக்கின்றன. ஸ்டூடியோ கணினியில் ஒரு டிரைவை ஷேர் செய்துவிட்டால் மாடியில் அது தெரிந்துவிடாதா, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்து இறங்கினேன். முடிய மூன்று வாரம் ஆனது. என்னென்ன இடத்தில் மாட்டினேன் என்று எழுதி வைத்தால் உங்களில் யாருக்காவது அந்த மூன்று வாரம் மிச்சமாகும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்களிடம் இருப்பதெல்லாம் விண்டோஸ், ஆகவே அதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு.

முதல் ஞாயிறு. மாடிக் கணினியின் டி டிரைவை ரைட் கிளிக் செய்து ஷேர் கொடுத்தேன், எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல், எல்லாவற்றுக்கும் டிக். கீழே போய் நெட்வொர்க் என்பதைத் திறந்தால் ஒன்றும் இல்லை. கீழே இருக்கிற டிரைவையும் ஷேர் செய்துவிட்டு மாடிக்கு வந்தேன், இங்கேயும் நெட்வொர்க் வெறுமை. ஏதோ ஒரு வலைத்தளத்தில் பெயரை நம்பாதே, எண்ணைப் போட்டுப் பார் என்று இருந்தது. மாடியிலிருந்து கீழ்க் கணினியின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியை, முன்னால் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, \\192.168.1.7 என்று ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் அடித்தேன். யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டது. உள்ளே விட்டதோ இல்லையோ, கதவு என்று ஒன்று இருக்கிறது என்பதாவது தெரிந்தது. அதே மாதிரி கீழே போய் மாடிக் கணினியின் எண்ணை அடித்தால் அரை நிமிஷம் சுற்றிவிட்டு அப்படி ஒன்றைக் காணவில்லை என்றது. மேலிருந்து கீழே போகிறது, கீழிருந்து மேலே வரவில்லை. ஃபயர்வால், ஆன்டிவைரஸ் என்று எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்து, பயந்துபோய் மறுபடி போட்டு, ஒரு வாரம் போனது.

காரணம் கணினியில் இல்லை, சுவரில் இருந்தது. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று முன்பு நாங்களே ஒரு பழைய ரௌட்டரை மாடியில் வைத்திருந்தோம். நெட்காரர் கீழே வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து இந்தப் பழைய ரௌட்டரில் வான் (WAN) என்று எழுதிய, வெளி இன்டர்நெட்டுக்கான ஓட்டையில் செருகியிருந்தோம், நெட் வந்தது, சந்தோஷமாக விட்டுவிட்டோம். நம் ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான் இருக்கும். ஆனால் வான் ஓட்டையில் செருகினால் அந்த ரௌட்டர் மாடியைத் தனி ஊராக்கிவிடுகிறது. கீழே எல்லாம் 192.168.1 என்று தொடங்கும் எண், மாடியில் எல்லாம் 192.168.0 என்று தொடங்கும் எண். மாடிக்காரர்கள் கீழே போகலாம், ரௌட்டர் தன் எண்ணைக் கொடுத்து அனுப்பி வைக்கும். கீழே இருப்பவர் மாடியில் ஒருவரைத் தேடி வந்தால் ரௌட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும், இன்டர்நெட்டில் இருந்து வரும் அந்நியனை எப்படி நிறுத்துமோ அதே மாதிரி. யார் யார் இருக்கிறீர்கள் என்று கணினிகள் ஒன்றையொன்று கூப்பிடுகிற குரலும் அந்த வாசலைத் தாண்டாது, அதனால்தான் நெட்வொர்க் பக்கம் வெறுமையாக இருந்தது.

சரி செய்ய ஐந்து நிமிஷம் போதும். மாடி ரௌட்டரின் செட்டிங்கில் டிஎச்சிபி என்பதை அணைத்தேன், அதாவது எண் கொடுக்கிற வேலையைக் கீழே இருக்கிற பெட்டி மட்டும் செய்யட்டும். ரௌட்டருக்கு 192.168.1.2 என்று கீழ்ப் பெட்டியோடு மோதாத ஒரு எண்ணைக் கொடுத்தேன். கேபிளை வான் ஓட்டையிலிருந்து பிடுங்கி வீட்டுக் கணினிகளுக்கான லான் (LAN) ஓட்டை ஒன்றில் செருகினேன். புது ரௌட்டர் என்றால் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒரு பட்டனே இருக்கும், அதைத் தட்டினால் இதையெல்லாம் அதுவே செய்துகொள்ளும். உங்கள் வீட்டில் ஷேரிங் வேலை செய்யவில்லை என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு கணினியிலும் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து எண்ணைப் பாருங்கள். முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் பிரச்சினை ஷேரிங்கில் இல்லை.

இதே போல ஒரு சின்னக் கூத்து எங்கள் மாமாவின் லேப்டாப்பில் நடந்தது. மாமா என்றால் என் மாமனார், பிரானூர் பார்டரில் மரக்கடை வைத்திருக்கிறார். பார்டர் என்றதும் எல்லோருக்கும் பரோட்டா ஞாபகம் வரும், எங்கள் வீட்டில் அறுத்த மரத்தின் வாசனைதான். அவர் லேப்டாப் மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. பார்த்தால் விருந்தாளிகளுக்கு என்று போட்டு வைத்த கெஸ்ட் வைஃபையில் அவர் இத்தனை நாள் இருந்திருக்கிறார். கெஸ்ட் வைஃபையின் வேலையே மற்ற கணினிகளிடம் அண்டவிடாமல் இன்டர்நெட்டை மட்டும் கொடுப்பது. சொந்த வீட்டில் மூணு வருஷம் விருந்தாளியாக இருந்திருக்கிறேன் பார் என்று அத்தையிடம் சொல்லிச் சிரித்தார்.

நெட்வொர்க் ஒன்றான பிறகும் கணினிகள் உடனே தெரியவில்லை. விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக் அல்லது பிரைவேட் என்று பிரித்து வைக்கிறது, பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எல்லாக் கதவையும் சாத்திக்கொள்ளும். செட்டிங்கில் வைஃபையின் பெயரைத் தட்டி பிரைவேட் என்று மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் ஷேரிங் இரண்டையும் போட வேண்டும். அப்புறம் வந்தன, போயின, வந்தன. ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்று மூச்சு முட்டுகிற பெயரில் ஒரு சர்வீஸ் இருக்கிறது, அதை ஆட்டோமேட்டிக்கில் வைத்தால் கொஞ்சம் ஒழுங்காகத் தெரியும். நான் அந்த நெட்வொர்க் பக்கத்தை நம்புவதையே விட்டுவிட்டேன். கீழ்ப் பெட்டியின் செட்டிங்கில் ஸ்டூடியோ கணினிக்கு 192.168.1.50 என்று நிரந்தரமாக ஒரு எண்ணை ஒதுக்கிவிட்டேன், எத்தனை தடவை கரண்ட் போய் வந்தாலும் அதற்கு அந்த எண்தான். மாடியில் \\192.168.1.50 என்று அடித்தால் போய் நிற்கும். நெட்வொர்க் பக்கத்தில் தெரியவில்லை என்பதும் வேலை செய்யவில்லை என்பதும் ஒன்று இல்லை. நான் குழம்பியதே இதில்தான்.

இப்போது பாஸ்வேர்டு. கணினியைத் திறக்க நான் நாலு இலக்க பின் எண் போட்டுத்தான் பழக்கம். அதையே நெட்வொர்க்கிலும் அடித்தேன். தப்பு என்றது. பத்துத் தடவை அடித்தேன். பின் எண் அந்தந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான், நெட்வொர்க் வழியாக வந்தால் உண்மையான பாஸ்வேர்டுதான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வைத்து உள்ளே போகிறவர் என்றால் மெயில் முகவரியும் அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டும். என் வீட்டுக்காரர் ஸ்டூடியோ கணினியில் பாஸ்வேர்டே வைக்கவில்லை, அது இன்னொரு தொல்லை, பாஸ்வேர்டு வெறுமையாக இருக்கிற அக்கவுண்டை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடவே விடாது. கடைசியில் ஸ்டூடியோ கணினியில் ஷேரிங்குக்காகவே லோக்கல் யூசர் ஒன்றை உண்டாக்கி வீடு என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து ஒரு பாஸ்வேர்டு கொடுத்தேன். எல்லாக் கணினியிலிருந்தும் அந்தப் பெயரில்தான் உள்ளே போகிறோம், முதல் தடவை கேட்கும்போது நினைவில் வைத்துக்கொள் என்று டிக் செய்துவிட்டால் பிறகு கேட்காது. முன்னால் தப்பான பெயரில் போயிருந்தால் அதையே பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கும், ஒரே நேரத்தில் ஒரே கணினிக்கு இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று இருப்பதில் பழையதை அழித்துவிட்டு சைன் அவுட் ஆகி வாருங்கள்.

இந்த இடத்தில்தான் இணையம் முழுக்கக் கெட்ட புத்தி சொல்கிறார்கள். பாஸ்வேர்டு பாதுகாப்பை அணைத்துவிடு, கெஸ்டாக எல்லோரையும் உள்ளே விடு, அப்படியும் வரவில்லையா எஸ்எம்பி 1 ஐப் போட்டுவிடு, வீடியோவுக்கு வீடியோ இதே பாட்டு. எஸ்எம்பி என்பது கணினிகள் ஃபைலைப் பகிர்ந்துகொள்ளப் பேசுகிற மொழி. 1983 வாக்கில் ஐபிஎம்மில் பிறந்தது, மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது, இப்போது மூன்றாம் தலைமுறையில் இருக்கிறது. முதல் தலைமுறை ரொம்பப் பழசு, ஓட்டை நிறைந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்று ஒரு வைரஸ் உலகத்தைச் சுற்றி வந்து ஃபைலை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதே, அது கணினிக்குக் கணினி தாவியது இந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச்சிலேயே அடைப்பு கொடுத்துவிட்டது, அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டிலும் பத்தனம்திட்டா மாவட்டத்திலும் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் மாட்டியதாகச் செய்தி வந்தபோது இங்கே எல்லோரும் கேபிளைப் பிடுங்கி வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக வருவதே இல்லை. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேருக்குள் போகவும் மறுக்கிறது. நேற்று வரை வந்த ஷேர் அப்டேட் போட்டதும் வரவில்லை என்று யாராவது புலம்பினால் பெரும்பாலும் இதுதான் காரணம். பூட்டிய கதவை உடைக்கச் சொல்கிறவர்களை விட்டுவிட்டு சாவி ஒன்று செய்துகொள்வது லேசு, யூசர் ஒருவர், பாஸ்வேர்டு ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் பழைய ரௌட்டரில் யூஎஸ்பி ஓட்டை இருந்தது, ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வீடு முழுக்கத் தெரியும் என்று அட்டையில் போட்டிருந்தது. அது எஸ்எம்பி 1 மட்டும் பேசுகிற ஜாதி. அந்த யோசனையை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்து பெர்மிஷன். உள்ளே போக முடிகிறது, படத்தைப் பார்க்க முடிகிறது, ஆனால் ஒரு ஃபைலைச் சேமித்தால் அனுமதி இல்லை என்கிறது. ஷேர் செய்கிற இடத்தில் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துத்தான் இருக்கிறேன். இதற்கு எங்கள் மாமா ஒரு உதாரணம் சொன்னார், அதற்குப் பிறகு எனக்கு இது மறக்கவே இல்லை. "ஏம்மா, புளியரைச் செக்போஸ்ட்ல விட்டுட்டான்னு லோடு புனலூர் போயிருமா? ஆரியங்காவுல இன்னொரு செக்போஸ்ட் இருக்குல்லா, அங்க ஒருத்தன் கை காட்டணும்லா?" அதேதான். ஷேரிங் என்ற டேபில் கொடுப்பது ஒரு செக்போஸ்ட். பக்கத்தில் செக்யூரிட்டி என்ற டேபில் ஃபோல்டருக்கே உள்ள அனுமதி இன்னொரு செக்போஸ்ட். நெட்வொர்க் வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும், எது கெடுபிடியோ அதுதான் ஜெயிக்கும். நேராக அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டாவது மட்டும். நான் ஷேரிங் பக்கம் வீடு யூசருக்கு முழு அனுமதி கொடுத்துவிட்டு, செக்யூரிட்டி பக்கத்தில் ஃபோல்டருக்கு ஃபோல்டர் இறுக்கிக்கொள்கிறேன். ஒரே இடத்தில் பார்த்தால் போதும், எங்கே தடுக்கிறது என்று இரண்டு இடத்தில் தேட வேண்டியதில்லை.

முழு டி டிரைவையும் ஷேர் செய்ததையும் அப்போதே எடுத்துவிட்டேன். அதில் என் மெயில் பேக்கப், மகள் ஸ்கூல் சமாச்சாரம், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் கிடந்தது. பகிர வேண்டியது படம் மட்டும், அதற்கு ஒரு ஃபோல்டர் போதும். கல்யாணம் என்று ஒரு ஃபோல்டர், தமிழிலேயே பெயர் வைத்தேன், ஒரு தகராறும் இல்லை. மாமாவுக்கு கணக்கு என்று இன்னொன்று.

இப்போது வேகம். இதில்தான் நான் ரொம்ப நாள் உட்கார்ந்தேன். மாடியில் வைஃபையில் இழுத்தால் நொடிக்கு 4 எம்பி வந்தது, எங்கள் சுவர் பழைய காலத்துக் கனமான சுவர், ரௌட்டரோ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 75 ஜிபியை அந்த வேகத்தில் இறக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல். இதற்குப் பென்டிரைவே மேல் என்று கீழே இருந்து கமெண்ட் வந்தது. கேபிள் இழுத்துவிடுவோம் என்று கேட் 5ஈ கேபிள் வாங்கி, எட்டு ஓட்டை உள்ள ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, இரண்டு கணினியையும் அதில் சேர்த்தோம். நொடிக்கு 11 எம்பி. ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்னேற்றம்தான், ஆனால் ஜிகாபிட் என்றால் நொடிக்கு 110 எம்பி பக்கம் வர வேண்டும், பத்தில் ஒரு பங்குதான் வருகிறது.

இந்த 11 என்ற எண்ணைப் பார்த்தால் உடனே கேபிளைச் சந்தேகப்படுங்கள். 100 மெகாபிட் இணைப்பு கொடுக்கக்கூடிய அதிகபட்சம் ஏறக்குறைய அதுதான். கேபிளுக்குள் நாலு ஜோடி கம்பி இருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். ஒரு கம்பி சரியாகக் கடிக்கவில்லை என்றால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும், நெட் நன்றாக வரும், யாருக்கும் சந்தேகமும் வராது. ஈதர்நெட் ஸ்டேட்டஸில் வேகத்தைப் பார்த்தேன், 100 எம்பிபிஎஸ் என்றே இருந்தது. மாடிப் பக்கத்து முனையை வெட்டிவிட்டுப் புதுத் தலை போட்டுக் கடித்தோம். 1.0 ஜிபிபிஎஸ். அன்றைக்கு ஒரு கல்யாணம் முழுக்க பதினைந்து நிமிஷத்தில் மேலே வந்து சேர்ந்தது, கணக்குப்படி பன்னிரண்டில் வர வேண்டும், என் ஹார்ட் டிஸ்க் கிழடு. தென்மலைப் பக்கத்துப் பதிமூன்று கண் ரயில் பாலத்துக்குக் கீழே எடுத்த படங்கள், 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய லைன் அது, இப்போது அந்தப் பாலத்தில் ரயிலைவிட மாப்பிள்ளை பெண்தான் அதிகம் நிற்கிறார்கள். டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் மூவாயிரமும் என் திரையில். கீழே கூப்பிட்டு வந்துவிட்டது என்றேன். "எல்லாமா?" என்றார் நம்பாமல்.

அந்தச் சந்தோஷம் ஐப்பசி வரைதான். கேபிளை முதலில் வெளிச்சுவரோடு ஆணி அடித்துக் கொண்டுபோயிருந்தோம், உள்ளே துளை போட மனசு வரவில்லை. ஐப்பசி மதியத்துக்கு மேல் மலை மேல் இடி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அத்தை புனலூர்க்காரர், அவர் துலாவர்ஷம் என்பார். ஒரு வெட்டு வெட்டியது, ஸ்விட்சில் இரண்டு ஓட்டையும் என் மதர்போர்டின் லான் ஓட்டையும் செத்துப்போயின. "கரண்டு போயி மோளே" என்றார் அத்தை. கரண்ட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. நெட் வருகிற ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் வராது, வீட்டுக்குள் நாம் இழுக்கிற செம்புக் கம்பிதான் வெளியே கிடந்தால் மின்னலுக்கு வாய்க்கால். இப்போது கேபிள் மாடிப்படி ஓரமாக உள்ளேயே வருகிறது. இடி கேட்டால் பிளக்கையும் பிடுங்குகிறேன், கேபிளையும் பிடுங்குகிறேன். பக்கத்து வீட்டுக்கு மொட்டை மாடி வழியாக லான் கேபிள் போடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

இடியை விடப் பெரிய அடி நான் எனக்கே கொடுத்துக்கொண்டது. கார்த்திகையில் ஒரு ராத்திரி, ஸ்டூடியோ டிஸ்க் நிரம்பிவிட்டது என்று மாடியில் உட்கார்ந்தபடியே பழைய ஃபோல்டர்களை அழித்துக்கொண்டிருந்தேன். தூக்கக் கலக்கத்தில் ஆல்பம் முடியாத ஒரு கல்யாணத்தையும் சேர்த்து அழித்துவிட்டேன். சரி ரீசைக்கிள் பின்னில் இருக்கும் என்று பார்த்தால் என்னுடையதில் இல்லை. கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. நெட்வொர்க் வழியாக ஒரு ஃபைலை அழித்தால் அது எந்தக் குப்பைத் தொட்டிக்கும் போவதில்லை, நேராகப் போய்விடும். நிரந்தரமாக அழிக்கவா என்று விண்டோஸ் கேட்கத்தான் செய்தது, நான்தான் படிக்காமல் ஆமாம் கொடுத்திருக்கிறேன். அவர் அன்றைக்கு எடுத்த கார்டை இன்னும் ஃபார்மேட் செய்யவில்லை. அவரது சோம்பேறித்தனத்தை நான் வாழ்த்திய ஒரே நாள். அது மட்டும் இல்லையென்றால் இன்னொருவர் வீட்டு முகூர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

அதற்குப் பிறகு கல்யாணம் ஃபோல்டருக்குள் இரண்டாகப் பிரித்தேன். வந்த படம் என்பதில் வீடு யூசருக்குப் படிக்க மட்டும் அனுமதி, மாடியிலிருந்து நான் தலைகீழாக நின்றாலும் அழிக்க முடியாது. முடிந்தது என்பதில் எழுதவும் அழிக்கவும் அனுமதி. தினமும் ராத்திரி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிடுகிறார் அவர். செருகியே வைத்திருந்தால் வைரஸ் வந்தாலும் இடி வந்தாலும் அதுவும் சேர்ந்து போகும்.

மாமாவின் கணக்கு ஃபோல்டர் தனிக் கதை. ஹாலில் ஒரு டெஸ்க்டாப், கையில் லேப்டாப், இரண்டிலும் அதே எக்செல் கணக்கு வர வேண்டும் என்றார். இரண்டிலும் மேப் நெட்வொர்க் டிரைவ் கொடுத்து இசட் டிரைவ் என்று வைத்துக் கொடுத்தேன், சைன் இன் ஆகும்போது மறுபடி இணை என்பதையும் டிக் செய்தேன். பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி மாடி ஏறி வந்தார்.

"ஏம்மா, என் கணக்கை என்னாலயே தொறக்க முடியல. வேற ஒருத்தன் தொறந்து வச்சிருக்கான், படிக்க மட்டும்தான் செய்யலாம்னு சொல்லுது. யாரு அவன்?"

"நீங்கதான் மாமா. ஹால்ல தொறந்து வச்சுட்டு இங்க வந்துருக்கீங்க."

எக்செல் ஒரு ஃபைலைத் திறந்தால் பக்கத்திலேயே ஒரு மறைவு ஃபைலை வைத்து இடம் பிடித்துவிடும், மற்றவர் வந்தால் படிக்க மட்டும் விடும். தொல்லை போலத் தெரியும், உண்மையில் நல்லது, இல்லையென்றால் இரண்டு பேர் எழுதி கடைசியில் சேமிப்பவர் மற்றவரை அழித்துவிடுவார். கரண்ட் போய்க் கணினி அணைந்தால் சில நேரம் அந்த மறைவு ஃபைல் மட்டும் அங்கேயே தங்கிவிடும், யாருமே திறக்காத ஃபைலை யாரோ திறந்திருப்பதாகச் சொல்லும். பெயரில் முதலில் ஒரு அலைக்குறியும் டாலர் குறியும் இருக்கும், எல்லோரும் எக்செல்லை மூடியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அதை அழித்தால் சரியாகும்.

செலவு செய்யலாம் என்றால் எல்லோருக்கும் பொதுவாக நெட்வொர்க்கில் செருகி வைக்கிற டிஸ்க் பெட்டி, நாஸ் என்பார்கள், அதை ஒன்று வாங்கி விடலாம், எங்களுக்கு அந்தப் பணத்துக்கு ஒரு லென்ஸ் வாங்க வேண்டியிருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் ஏற்றி சாம்பா போட்டு அதையே பொதுப் பெட்டியாக வைக்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. சாம்பா என்பது விண்டோஸின் அதே எஸ்எம்பி மொழியை லினக்ஸில் பேச வைக்கிற இலவச மென்பொருள், ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் தொடங்கியது, எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற சொல்லை அகராதியில் தேடிப் பெயர் வைத்தார். அதில் நெட்வொர்க் வழியாக அழிப்பதற்கும் குப்பைத் தொட்டி வைத்துக்கொள்ள வசதி உண்டு, எனக்கு அதுதான் ஆசை. மாமா இன்னும் சம்பா நெல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஸ்டூடியோ கணினி தூங்கினால் எல்லோருக்கும் கதவு சாத்திவிடும். ஸ்லீப் போகாமல் இருக்க பவர் செட்டிங்கில் நெவர் என்று வைத்தேன், ஆனால் ராத்திரி அவர் மெயினையே அணைத்துவிட்டுத்தான் படுப்பார், கரண்ட் பில் அவர் கையில். மாமா காலையில் ஐந்தரைக்கு எழுந்து கணக்கு பார்க்கிற ஆள். இசட் டிரைவ் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி இருக்கும், தட்டினால் காணவில்லை என்று சொல்லும். ஆரம்பத்தில் அந்தக் குறியைப் பார்த்ததும் எனக்குப் போன் வரும், நான் பாதித் தூக்கத்தில் இறங்கிப் போவேன். இப்போதெல்லாம் போன் வருவதில்லை. டீயைக் குடித்துக்கொண்டு ஸ்டூடியோ ஷட்டர் தூக்குகிற சத்தம் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார், சத்தம் கேட்டதும் இரண்டு நிமிஷம் விட்டு இசட்டைத் தட்டுகிறார், திறந்துவிடுகிறது.